திரு. எம்., வயது எழுபத்தொன்பது

எதைச் சொன்னாலும் முதலில் "அதெல்லாம் வேணாம்" என்று சொல்லிவிட்டு, பிறகு யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்துச் செய்கிற என் அப்பாவுக்கு,

நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. போன மாதம் உங்களுக்கு ஒரு வயது ஏற்றிவிட்டேன். எழுபத்தெட்டை அழித்து எழுபத்தொன்பது என்று நானே தட்டினேன், தட்டி அந்தத் தாளை அனுப்பியும் விட்டேன். அதனால் என்னவெல்லாம் ஆனது என்று சொல்ல வீட்டில் ஆள் இல்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதம். வேறு யாராவது படித்தால் படிக்கட்டும், மறைத்து மறைத்துத்தான் இந்த நிலைமைக்கு வந்திருக்கிறேன்.

முதலில் என் வேலை. அது உங்களுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை, அல்லது பிடிபடாத மாதிரி நடித்தீர்கள். சொந்தக்காரர்கள் கேட்டால், "எம் மக பூங்காவுல வேலை பார்க்கிறா" என்று ஒரே வரியில் முடித்துவிடுவீர்கள். ஒரு கல்யாணத்தில் தூரத்துச் சித்தி ஒருத்தி என் உள்ளங்கையைத் தடவிப் பார்த்து, "கூட்டிப் பெருக்கிற கை மாதிரியே இல்லையே" என்றாள். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பாயசம் குடித்துக்கொண்டிருந்தீர்கள், ஒரு வார்த்தை திருத்தவில்லை. வீட்டுக்கு வந்து கேட்டதற்கு, "காசு கேக்கிற வேலைன்னு சொல்றதுக்கு இது மரியாதையா இருக்குல்ல" என்றீர்கள்.

காசு கேட்கிற வேலைதான். அரசு கட்டிய வீவக அடுக்குமாடி புளோக்குகளுக்கு நடுவில் இருக்கும் சின்னப் பூங்காக்களைப் பார்த்துக்கொள்ளும் சிறிய அமைப்பு எங்களுடையது. அந்தப் பூங்காக்களுக்குள் மூன்று தோட்டங்கள் வைத்திருக்கிறோம்: புக்கிட் மேராவில் நம் புளோக்குக்குக் கீழே ஒன்று, பிடோக்கில் ஒன்று, சுவா சூ காங்கில் ஒன்று. பக்கவாதம் வந்தவர்கள், நினைவு தடுமாறுகிறவர்கள், வீட்டில் தனியாக இருக்கும் முதியவர்கள் வந்து மண்ணில் கைவைப்பதற்கான இடங்கள். இவற்றுக்காக அறக்கட்டளைகளிடமும் கம்பெனிகளிடமும் நிதி கேட்டு வாங்கும் பிரிவுக்கு நான் தலைமை. தலைமை என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம், நானும் வாரத்துக்கு மூன்று நாள் வரும் ஒரு பெண்ணும்தான் அந்தப் பிரிவு.

இந்த வேலையில் ஒரு பழக்கம் உண்டு. எந்த அறக்கட்டளையின் படிவத்தை எடுத்தாலும் கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டம் இருக்கும். பயன்பெற்ற ஒருவரின் கதையை இருநூறு சொல்லுக்குள் எழுது என்று கேட்பார்கள். முன்னால் உள்ள இருபது பக்கத்தைப் புரட்டிக்கொண்டு போகிறவர்கள் அந்தக் கட்டத்தில் நிற்பார்கள். ஒருமுறை அது நன்றாக அமைந்துவிட்டால் நாங்கள் விடமாட்டோம். அடுத்த வருடம் பழைய தாளைத் திறந்து, வருடத்தை மாற்றி, வயதில் ஒன்று கூட்டி, புதிதாக ஒரு வரி சேர்த்து அனுப்புவோம். இந்தத் தொழிலில் எல்லாரும் செய்வதுதான்.

முதல் வருடம் அந்தக் கட்டத்துக்கு எனக்கு ஆளே கிடைக்கவில்லை. அன்று மதியத்துக்குள் அனுப்ப வேண்டும். காலையில் வேலைக்குக் கிளம்பும்போது கீழே உங்களைப் பார்த்திருந்தேன். முதல் ஸ்ட்ரோக் வந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி, முட்டை உடையாமல் கண்டெய்னரை இறக்குவேன் என்று பீற்றிக்கொண்ட வலது கைக்குக் கோப்பிக் கோப்பையின் பிடி கூட அகப்படாது. தோட்டப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன் என்றவர், அன்று எங்கள் தலைமைத் தோட்டக்காரர் சலீம் பாய் நீட்டிய தண்ணீர்க் குழாயை வாங்கிக்கொண்டு கத்திரிச் செடிக்கு நீர் விட்டுக்கொண்டிருந்தீர்கள். கை வழுக்காமல் இருக்க உங்கள் பழைய பச்சைக் கைலியைக் கிழித்துக் குழாயின் முனையில் சுற்றி வைத்திருந்தீர்கள்.

அதை எழுதினேன். "திரு. எம்., வயது எழுபத்து நான்கு, ஓய்வுபெற்ற கிரேன் ஓட்டுநர்" என்று ஆரம்பித்தேன். முருகையா என்று எழுதவில்லை, என் அப்பா என்றும் எழுதவில்லை. பெற்ற தகப்பனைக் காட்டிக் காசு வாங்குகிறாள் என்று சொல்லிவிடுவார்களே என்ற பயம். அதே தாளின் அடியில் என் கையெழுத்து: விமலா எம். ஐந்து வருடமாக மேலே ஒரு எம்., கீழே ஒரு எம். இருந்தது, யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

நிதி வந்தது. அடுத்த வருடம் உங்களுக்கு எழுபத்தைந்து ஆனது, விரல்கள் பாதி மூடின. எழுபத்தாறில் மிளகாய் கிள்ளினீர்கள். எழுபத்தேழில் சட்டைப் பொத்தானை நீங்களே போட்டுக்கொண்டீர்கள். எழுபத்தெட்டில் ரசம் வைத்தீர்கள். இரண்டாவது வருடம்தான் உங்களிடம் சொன்னேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, நான் தமிழில் சொல்லச் சொல்லக் கேட்டீர்கள். ஒரு வரியில் மட்டும் கையைக் காட்டி நிறுத்தினீர்கள்.

"வெக்கப்பட்டு ஓரமா நின்னாருன்னா எழுதியிருக்க? நான் என்னிக்கு வெக்கப்பட்டேன்? அங்க ஒருத்தனுக்கும் தண்ணி விடத் தெரியல. அதான் தள்ளி நின்னேன்."

"தயங்கி நின்னாருன்னு மாத்திடவாப்பா?"

"தயக்கமும் இல்ல. எரிச்சல்னு போடு."

எரிச்சல் என்று போட்டால் எந்த அறக்கட்டளையும் தராது என்று சொன்னதும் நீங்கள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

ஆனால் அப்பா, மூன்று வருடத்துக்கு முன்னால் நடந்த ஒன்றைப் பற்றி நாம் பேசவே இல்லை. ஒரு கம்பெனியிலிருந்து ஐந்தாறு பேர் தோட்டத்தைப் பார்க்க வந்தார்கள். நீங்கள் வழக்கம்போல் குழாயோடு நின்றிருந்தீர்கள். நான் உங்கள் பக்கம் கையை நீட்டி, இவர்தான் திரு. எம். என்று சொன்னேன், முன்பின் தெரியாதவரை அறிமுகம் செய்வது போல. நீங்கள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தீர்கள். பிறகு அவர்கள் பக்கம் திரும்பி, உங்கள் துறைமுக ஆங்கிலத்தில், "மேடம் வெரி குட். மேடம் ஆல்வேஸ் ஹெல்ப்" என்றீர்கள். மேடம் என்றது என்னை. அவர்கள் கைதட்டினார்கள். நானும் சேர்ந்து தட்டினேன்.

அன்று சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் ரசப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு, "மேடம், ஊத்தவா?" என்று கேட்டீர்கள். சிரித்தேன். நீங்கள் சிரித்தீர்களா என்று நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. அது கேலிதானா அப்பா? கேட்பதற்கு எனக்கு இரண்டு வருடத்துக்கு மேல் இருந்தது. தினமும் ஒரே மேசையில் சாப்பிட்டோம்.

இந்த வருடம் எங்களுக்கு மிக மோசமான வருடம். ஒரு கம்பெனி தன் அக்கறையெல்லாம் இனிமேல் கடல் மேல்தான் என்று எழுதிவிட்டது. இன்னொரு கம்பெனிக்கு ஒரு செயலி வேண்டுமாம். கத்திரிச் செடிக்குச் செயலி எப்படிச் செய்வது என்று சலீம் பாய் என்னை நிஜமாகவே கேட்டார். மிச்சம் இருந்தது உங்கள் கதையைப் படித்துப் படித்து ஐந்து வருடமாகத் தந்துகொண்டிருந்த அந்த ஓர் அறக்கட்டளைதான். இந்த முறை மூன்று வருடத்துக்குச் சேர்த்துத் தருவதாக இருந்தார்கள். கிடைத்தால் மூன்று தோட்டங்களும் பிழைக்கும், சலீம் பாய்க்கும் அவருடைய ஆட்களுக்கும் வேலை இருக்கும். கிடைக்காவிட்டால் வருடக் கடைசியோடு மூட வேண்டியதுதான்.

நான் பயந்துபோய் எழுதினேன். லிட்டில் இந்தியாவில் எங்கள் அலுவலக மாடியில் உட்கார்ந்து, கீழே பூமாலைக் கடைக்காரர் வானொலி போட்டதுகூடக் காதில் விழாமல், நாள் முழுவதும் எழுதினேன். முன் பக்கங்களை எல்லாம் புதிதாகச் செய்தேன். கடைசிக் கட்டத்துக்கு வந்தபோது மணி நாலு. போன வருடத் தாளைத் திறந்தேன், எடுத்து ஒட்டினேன், வயதில் ஒன்று கூட்டினேன். புதிதாக ஒரு வரி வேண்டுமே. "இப்போது அண்டை வீட்டாருக்கும் ரசம் வைத்துக் கொடுக்கிறார்" என்று சேர்த்தேன்.

அதை எங்கிருந்து எடுத்தேன் என்று எனக்குத் தெரியவில்லை. நீங்கள் போன வருடம் மேல்மாடி ஆண்ட்டிக்கு ஒருமுறை கொடுத்தீர்கள், அதுவாக இருக்கலாம். ஆனால் "கொடுத்தார்" என்று என் கை எழுதவில்லை. உங்களை மண்டாயில் எரித்துவிட்டு வந்தவள் நான். சாம்பலை என் கையால் கடலில் கரைத்தவள். அன்று நாலு மணிக்கு அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவளுக்கு அது தெரியாதா? தெரியாமல்தான் செய்தேன் என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். உங்களிடம் அப்படிச் சொல்ல வாய் வரவில்லை.

பத்து நாள் கழித்து அந்த அறக்கட்டளை அதிகாரி ஷமீமா கூப்பிட்டாள். தமிழ்ப் பெண், சின்ன வயசு, எங்களுக்காக உள்ளே பரிந்து பேசுகிறவள்.

"அக்கா, நல்ல நியூஸ் லா. போர்டு மெம்பர்ஸ் மூணு பேர் அடுத்த புதன்கிழமை புக்கிட் மேரா தோட்டத்துக்கு வர்றாங்க. ஆல்மோஸ்ட் ஓகேன்னு நெனச்சுக்கங்க."

"ரொம்ப சந்தோஷம்மா."

"அவங்களுக்கு மிஸ்டர் எம்மைப் பார்க்கணுமாம். அஞ்சு வருஷமா அவரைப் பத்திப் படிச்சிட்டே இருக்கோம்ல? ரசம் கிடைக்குமான்னு ஒரு மேடம் கேட்டாங்க."

அப்போதுதான் தாளைத் திறந்து பார்த்தேன். எழுபத்தொன்பது. வைக்கிறார். கொடுக்கிறார். என் முகம் எப்படி இருந்ததோ, அந்தப் பகுதிநேரப் பெண் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். கீழே இறங்கி நடந்தேன். சாலைக்கு மேலே தீபாவளி விளக்குகளை ஏற்றிக் கட்டிக்கொண்டிருந்தார்கள். துணிக்கடைப் பையன் ஒருவன், "அக்கா, புது டிசைன் வந்திருக்கு, உள்ள வாங்க" என்றான். இந்த வருடம் எங்களுக்குத் தீபாவளி இல்லை, எங்கப்பா தவறிட்டாரு என்று அவனிடம் சொன்னேன். எட்டு மாதத்தில் அந்த வார்த்தையை நானாக வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். ஒரு துணிக்கடைப் பையனிடம்.

எங்கள் இயக்குநர் மிஸஸ் கோவிடம் சொன்னேன். நல்லவர்தான். அவருக்கும் தூக்கம் போய் ரொம்ப நாளாகிறது. முதலில் என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, திரு. எம். என்றால் எத்தனையோ பேர் இருக்கலாம் என்றார். பிடோக் தோட்டத்துக்கு வருகிறாரே மாணிக்கம், அவருக்கும் ஸ்ட்ரோக்தானே, வயதும் கிட்டத்தட்ட அதுதானே, நான் ஒன்றும் சொல்லவில்லை, நீ யோசி என்றார்.

யோசித்தேன் அப்பா. உங்களிடம் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? யோசித்தது மட்டும் இல்லை, மறுநாள் காலை எம்ஆர்டி ரயில் ஏறிப் பிடோக்குக்குப் போனேன்.

மாணிக்கம் அங்கிள் வாசனைக்குப் போடும் பண்டான் இலையை நறுக்கிக்கொண்டிருந்தார். நான் சுற்றிவளைத்துச் சொன்னேன். ஒருத்தர் வரமுடியாமல் போய்விட்டது, அவருக்குப் பதிலாக ஒரு மணி நேரம் நிற்க முடியுமா, தோட்டத்தைக் காப்பாற்ற வேண்டும் என்றேன். அவர் எதற்கு என்ன என்று கேட்கவில்லை. கத்தரிக்கோலை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"அவரு என்ன வேலை பார்த்தாரும்மா?"

"போர்ட்ல கிரேன் ஓட்டினாரு அங்கிள்."

"சரி. கிரேன். எந்தக் கை அவருக்கு?"

"வலது கை."

"எனக்கு இடது. பரவால்ல, மாத்திக்கிறேன். சுகர் உண்டா?"

"உண்டு. மாத்திரை போட மாட்டாரு. ஒளிச்சு வச்சிடுவாரு."

"நல்ல ஆளுதான். பொண்டாட்டி இருக்கா?"

"இல்ல. போய் ரொம்ப வருஷமாச்சு. ஒரே மக."

"மக நல்லாப் பார்த்துக்கிறாளா?"

அந்தக் கேள்விக்கு நான் என்ன பதில் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறீர்கள்? பார்த்துக்கிறா அங்கிள் என்றேன். அவர் ஒவ்வொன்றையும் உதட்டுக்குள் சொல்லிச் சொல்லி மனப்பாடம் செய்தார். கிரேன், வலது கை, சுகர், ஒரே மக. உங்களை ஒருவர் என் கண் முன்னால் பாடம் படித்துக்கொண்டிருந்தார். நான் அதைத் தடுக்கவில்லை. கிளம்பும்போது, "சட்டை என்ன கலர்மா போடணும்?" என்று கேட்டார்.

புதன்கிழமை காலை அவரை டாக்ஸியில் அழைத்து வந்தேன். அவருக்குத் தோட்டத்தைக் காட்டிக்கொண்டே வந்தபோது சலீம் பாய் எங்களைப் பார்த்தார். அவருக்கு நான் எதையும் சொல்லியிருக்கவில்லை. பச்சைக் கைலித் துணி சுற்றிய குழாயை எடுத்து மாணிக்கம் அங்கிளின் வலது கையில் நான் கொடுத்ததும், சலீம் பாய் உரச் சாக்கைத் தூக்கிக்கொண்டு தோட்டத்தின் அந்தக் கோடிக்குப் போய்விட்டார்.

வந்தவர்கள் மூன்று பேர், அவர்களோடு ஷமீமா. அதில் வயதான சீனப் பெண்மணி ஒருவர் நேராக மாணிக்கம் அங்கிளிடம் போனார். அங்கிள் இடது கையைக் கால்சட்டைப் பைக்குள் ஒளித்துக்கொண்டு, நல்ல கையைக் கெட்ட கை மாதிரி மடக்கி வைத்து நின்றிருந்தார். அந்த அம்மாள் குனிந்து, மிஸ்டர் எம். தானே, உங்களைப் பார்க்க ஐந்து வருடம் காத்திருந்தேன் என்றார். அங்கிளுக்கு எல்லாம் மறந்துவிட்டது போலிருக்கிறது. கிரேனும் சொல்லவில்லை, சுகரும் சொல்லவில்லை. என்னைப் பார்த்தார். எப்படியாவது எனக்கு உதவ வேண்டுமே என்ற தவிப்பு அந்த முகத்தில். பிறகு என்னைக் கையால் காட்டி, "மேடம் வெரி குட்" என்றார்.

அதற்குமேல் என்னால் முடியவில்லை அப்பா.

இவர் திரு. எம். இல்லை என்றேன். ஆங்கிலத்தில்தான் சொன்னேன், இன்னொரு தரம் சொல்ல வேண்டியிருந்தது. இவர் பெயர் மாணிக்கம், நான் கேட்டதற்காக வந்தார், இவர்மேல் தப்பில்லை. திரு. எம். என் அப்பா. பெயர் முருகையா. எட்டு மாதத்துக்கு முன்னால் இறந்துவிட்டார். நான் அவர் வயதில் ஒன்று கூட்டிவிட்டேன்.

ஷமீமாவின் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. கையில் குறிப்பேடு வைத்திருந்தவர் அதை மூடினார். அந்த அம்மாள் மட்டும் என்னிடம், எழுதியதில் மற்றதெல்லாம் உண்மையா என்று கேட்டார். உண்மை என்றேன். ஒரு விஷயம் மட்டும் சரியில்லை, அவர் தயங்கி நிற்கவில்லை, எரிச்சலோடு நின்றார் என்றேன். அந்த அம்மாள் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. தலையை ஆட்டிவிட்டு மற்றவர்களோடு போய்விட்டார்.

ஷமீமா சாயங்காலம் கூப்பிட்டாள். "போர்டுல நான் உங்களுக்காக எவ்ளோ பேசினேன் தெரியுமா? எனக்கு மட்டுமாவது சொல்லியிருக்கலாம்ல அக்கா?" என்றாள். அழுதாள் என்று நினைக்கிறேன். மன்னிச்சிடும்மா என்றேன்.

போன வெள்ளிக்கிழமை கடிதம் வந்தது. கொடுத்த தகவல் தவறு என்பதால் இந்தச் சுற்றில் எங்கள் விண்ணப்பத்தை எடுத்துக்கொள்ள முடியாது. அடுத்த சுற்றில் புதிதாக அனுப்பலாம். அடுத்த சுற்று ஆறு மாதம் கழித்து. எங்களிடம் இருப்பது இரண்டு மாதத்துக்குத் தாங்கும். மிஸஸ் கோ சத்தம் போடவில்லை. கடிதத்தை மடித்து என் மேசையில் வைத்துவிட்டு, சலீமிடம் நீயே சொல்லிவிடு என்றார். அது நியாயம்தான்.

சலீம் பாயிடம் சொல்வதற்குப் போனேன். அவர் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை சுருட்டுவதை நிறுத்தவில்லை. அவருக்கு ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது, கடைசிப் பையன் பாலிடெக்னிக்கில் படிக்கிறான். என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. திட்டவில்லை.

"எங்க அத்தா மவுத்தானப்ப நான் அப்ப வச்சிருந்த கடையை மூடிட்டு வீட்லயே உட்கார்ந்துட்டேன். யாரு வந்தாலும் அவரைப் பத்தியே பேசிட்டிருந்தேன். அப்பா போனதுக்கு நீ எத்தன நாள் லீவு போட்டே தங்கச்சி?"

அதற்குப் பதிலும் அவருக்குத் தெரியும். நீங்கள் ஆஸ்பத்திரியில் கிடந்த மூன்று நாளும் நான் வராந்தாவில் உட்கார்ந்து ஒரு கம்பெனிக்கு அறிக்கை அனுப்பிக்கொண்டிருந்தேன். கடைசியாக நர்ஸ் வந்து என்னைக் கூப்பிட்டபோது, ஒரே ஒரு வரிதான் மிச்சம், இதோ வருகிறேன் என்றேன். அந்த ஒரு வரியை முடித்துவிட்டுத்தான் உள்ளே வந்தேன். அப்போது உங்களுக்கு நினைவு இருந்ததா? நான் வந்ததை நீங்கள் பார்த்தீர்களா? அந்த அறிக்கை போய்ச் சேர்ந்த கம்பெனிதான் இப்போது கடலைப் பார்த்துக்கொள்ளப் போய்விட்டது.

குழாயின் முனையைக் காட்டி சலீம் பாய், "உங்க அப்பா சுத்தின துணியை நான் இன்னும் அவிழ்க்கல. வேற யாருக்கும் அது பிடிக்க வசதியா இல்ல. இருந்தாலும் அவிழ்க்கல" என்றார். அந்தத் துணியைப் பிடித்துக்கொண்டு நான் அழுதேன் அப்பா. மண்டாயில் வராத அழுகை, கத்திரிச் செடிக்கு நடுவில், ஜாகிங் போகிறவர்கள் எல்லாரும் பார்க்க வந்தது. சலீம் பாய் தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

இப்போது என் நிலைமை என்ன என்று கேட்டால், கதவு கதவாகத் தட்டுகிறேன். ஒருநாளில் எட்டு இடம், பத்து இடம். கோயில் நிர்வாகத்தைப் பார்த்தேன், பள்ளிவாசல் கமிட்டியைப் பார்த்தேன், மருந்துக் கம்பெனிகளுக்கு எழுதினேன். எல்லாரும் நல்ல வேலை செய்கிறீர்கள் என்கிறார்கள். பார்க்கலாம் என்கிறார்கள். ராத்திரி படுத்தால் சலீம் பாய் குழாய் சுருட்டுவதுதான் கண்ணில் வருகிறது. நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் இன்று மூன்று தோட்டமும் பத்திரமாக இருந்திருக்கும். பேசியது சரியா? நீங்கள் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? மேடம் என்று கூப்பிட்டுக்கொண்டு எனக்காக இன்னொரு முறை நின்றிருப்பீர்கள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். நேற்று மாணிக்கம் அங்கிள் போன் செய்தார். நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பிப்பதற்கு முன்னால் அவர் பேசினார்.

"உங்க அப்பாவா நான் சரியா நிக்கலம்மா. அதுக்கு வருத்தம்தான். ஆனா ஒண்ணு கேக்கிறேன். என்னைப் பத்தி எழுதலாம்ல? இடது கைன்னே எழுது."

இன்று காலை பிடோக்குக்குப் போய் அவரோடு உட்கார்ந்தேன். தேக்கா மார்க்கெட்டில் நாற்பது வருடம் ஆட்டிறைச்சி வெட்டியவராம். கை போனதும் வீட்டில் கத்தியைத் தொட விடவில்லையாம். பண்டான் இலை நறுக்கக் கத்தரிக்கோலைக் கையில் கொடுத்த அன்று வீட்டுக்குப் போய் மருமகளிடம் காட்டிக் காட்டிச் சொன்னாராம். மூன்று வருடமாகத் தோட்டத்துக்கு வருகிறார், நான் ஒருநாளும் அவரிடம் எதையும் கேட்டதில்லை. கட்டத்துக்குத்தான் நீங்கள் இருந்தீர்களே. பெயரை எப்படிப் போடட்டும், எம். என்று போடட்டுமா என்றேன். "எதுக்கு எம்? மாணிக்கம்னு முழுசாப் போடு. என் பேர்த்தி இங்கிலீஷ் படிப்பா, அவ பார்க்கட்டும்" என்றார்.

எழுதத் தொடங்கியிருக்கிறேன். இதற்கு யாராவது தருவார்களா என்று தெரியாது. இரண்டு மாதத்துக்குள் வராவிட்டால் தோட்டம் மூடப்படும், மண்ணை அள்ளிவிட்டுப் புல் போட்டுவிடுவார்கள். அப்படி நடந்தால் அந்தக் குழாயை நான் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வந்துவிடுவேன். அதைத் தவிர வேறு எதையும் என்னால் காப்பாற்ற முடியுமா என்று இன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.

ஆனால் அப்பா, என் கையில் இருக்கிற ஒன்றை மட்டும் சத்தியமாகச் சொல்கிறேன். உங்களுக்கு இனிமேல் வயது ஏற்ற மாட்டேன். நீங்கள் எழுபத்தெட்டிலேயே இருங்கள், எரிச்சலோடு, யாரோடும் சேராமல் தள்ளி நின்று தண்ணீர் விட்டுக்கொண்டு. நாளையிலிருந்து மூன்று நாள் லீவு போட்டிருக்கிறேன். யார் வந்தாலும் உங்களைப் பற்றியே பேசப் போகிறேன். இனி எவர் முன்னாலும், எந்தப் பணத்துக்காகவும், உங்களைக் கை நீட்டிக் காட்டிவிட்டுப் பெயர் தெரியாதவள் மாதிரி நிற்க மாட்டேன்.

இந்தக் கையெழுத்தை அன்றைக்கே அந்தத் தாளின் அடியில் போட்டிருக்க வேண்டும்.

முருகையாவின் மகள்,
விமலா